அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் அம்மா

செப்டம்பர் முடிவதற்குள் இந்தப் பத்திக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "பிள்ளை இயர் டென். ஷேக்ஸ்பியர் வந்திட்டுது. கடையில ஒரே நாடகம் ஏழெட்டு அட்டையில கிடக்குது, எதை வாங்கிறது?" இந்த முறை கேட்டவர்கள் சொன்ன நாடகம் 'மச் அடூ அபௌட் நத்திங்'. மக்பெத்துக்கும் ரோமியோ ஜூலியட்டுக்கும் நடுவில் இந்தக் காதல் நகைச்சுவையும் ஏ.க்யூ.ஏ. ஜி.சி.எஸ்.ஈ. பட்டியலில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நாடகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கதையை மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக: சிசிலித் தீவில் மெசினா என்ற ஊர். அதன் ஆளுநர் லியோனாடோ. அவருடைய மகளின் பெயர் ஹீரோ. (ஆமாம், பெண்ணின் பெயர்தான் ஹீரோ. கிரேக்கக் கதை ஒன்றில் வரும் காதலியின் பெயர் அது. எங்கட பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழும் இடம்.) அவருடைய பெறாமகள் பியாட்ரிஸ், வாய் கத்தி மாதிரி. போர் முடிந்து வரும் வீரர்களில் கிளாடியோ ஹீரோவை விரும்புகிறான். பெனடிக்கும் பியாட்ரிஸும் கண்ட இடத்தில் எல்லாம் சண்டை பிடிக்கிறார்கள். "அவள் உன்னை விரும்புகிறாள்", "அவன் உன்னை விரும்புகிறான்" என்று நண்பர்கள் இரண்டு பேர் காதிலும் விழும்படி பேசி, இருவரையும் காதலில் தள்ளிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஹீரோ ஒழுக்கம் கெட்டவள் என்று ஒருவன் பொய்க்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்ய, கிளாடியோ அதை நம்பி, கலியாண நாளில் தேவாலயத்திலேயே எல்லோர் முன்னாலும் அவளை அவமானப்படுத்துகிறான். பிறகு உண்மை வெளிவந்து, கலியாணத்தில் முடிகிறது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். குறிப்புரையோடு வரும் பதிப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில சொல்லுக்குப் பொருள் சொல்லும். சில காலத்தை விளக்கும். சில, 'இந்த வரி இப்படித்தான் இருந்ததா?' என்ற சந்தேகத்தையே உங்கள் கையில் தரும். கடையில் புரட்டிப் பார்க்கும்போது நாங்கள் முதலாவதை மட்டும்தான் கவனிக்கிறோம். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி.

சொற்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த நாடகத்தில் பாதிச் சிரிப்பு போய்விடும். தலைப்பிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. அந்தக் காலத்து உச்சரிப்பில் 'நத்திங்' என்பதும் 'நோட்டிங்' என்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தன. நோட்டிங் என்றால் கவனிப்பது, ஒட்டுக் கேட்பது. நாடகம் முழுக்க ஆட்கள் மரத்துக்குப் பின்னாலும் புதருக்குள்ளும் நின்று ஒட்டுக் கேட்கிறார்கள். நல்லதும் கெட்டதும் அதனால்தான் நடக்கிறது. இந்த ஒரு குறிப்பைப் படித்த பிள்ளைக்கு நாடகத்தின் அமைப்பே விளங்கிவிடும்.

கிளாடியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது பியாட்ரிஸ் அவனை ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு ஒப்பிடுகிறாள். ஏன் ஆரஞ்சு என்று பிள்ளை கேட்கும். செவில் நகரத்து ஆரஞ்சு கசப்பும் புளிப்பும் கலந்தது. 'செவில்' என்பதும் மரியாதையான என்ற பொருள் தரும் 'சிவில்' என்பதும் ஒலியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். மஞ்சள் பொறாமையின் நிறம். வெளியில் மரியாதை, உள்ளே கசப்பு. நாரத்தங்காய் ஊறுகாய் சாப்பிட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அதேபோல், கலியாணத்தன்று காலையில் பியாட்ரிஸ் தடிமன் பிடித்து மூக்கடைப்போடு இருக்க, தோழி மார்கரெட் ஒரு மூலிகையை நெஞ்சில் வைக்கச் சொல்கிறாள். பாட்டி வைத்தியம் மாதிரித்தான் கேட்கும். ஆனால் அந்த முள்செடியின் லத்தீன் பெயரின் இரண்டாம் பாதி 'பெனடிக்டஸ்'. பெனடிக்கை நெஞ்சில் வை என்று கிண்டல் பண்ணுகிறாள். குறிப்பு இல்லாவிட்டால் இது வெறும் மருந்துச் சீட்டு.

குறிப்பு சிரிப்பைக் கொல்லும் இடமும் உண்டு. காவல்காரன் டாக்பெரி பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாகப் போட்டுப் பேசுகிறவன். 'வெறுக்கத்தக்க' என்று சொல்ல நினைத்து 'வாசனையான' என்ற பொருள்படும் சொல்லைச் சொல்வான். சில பதிப்புகளில் அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் 'சரியான சொல் இது' என்று ஒரு குறிப்பு நிற்கும், வகுப்பில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிற மாதிரி. எங்கட வீடுகளில் டாக்பெரியை விளக்கத் தேவையே இல்லை. "அம்மாவுக்கு நல்லா உதைச்சேன்" என்று ஐந்து வயதுப் பிள்ளை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். உதவி செய்ததாம்.

கொம்பு பற்றிய பகிடிகள் வேறு கணக்கில்லாமல் வரும். மனைவி துரோகம் செய்தால் கணவன் தலையில் கொம்பு முளைக்கும் என்பது அந்தக் காலத்து வேடிக்கை. பழைய பள்ளிக்கூடப் பதிப்புகள் பல இந்த மாதிரி இடங்களை மழுப்பிவிடும் அல்லது வெட்டிவிடும். 1807இல் ஹென்றியெட்டா பௌட்லர் என்ற அம்மையார் 'குடும்ப ஷேக்ஸ்பியர்' என்று ஒன்று தயாரித்தார். வீட்டில் எல்லோரும் கூடியிருந்து சத்தமாகப் படிக்க முடியாதவை என்று அவர் நினைத்ததை எல்லாம் நீக்கிய பதிப்பு. எங்கட அம்மாமார் படம் பார்க்கும்போது ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுவார்களே, அந்த வேலைதான். இந்தக் கொம்பை மறைத்தால் ஒரு பெரிய விஷயமும் சேர்ந்து மறைந்துவிடும்: இந்த ஊரில் ஆண்கள் எல்லோருக்கும் பெண்ணின் ஒழுக்கம் பற்றி உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயம் முதல் மூன்று அங்கத்தில் பகிடியாக வருகிறது. நாலாம் அங்கத்தில் ஹீரோவின் தலையில் விழுகிறது.

இனி அந்த மூன்றாவது வகைக் குறிப்பு. போன வருடம் என் மகள் இந்த நாடகத்தைப் படித்தபோது, தேவாலயக் காட்சி முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள், "அம்மா, ஹீரோவின்ட அம்மா எங்க?"

நல்ல கேள்வி. கலியாண வீட்டில் பொண்ணின் அம்மா இல்லாமல் இருக்குமா? பதில் அவளுடைய பள்ளிப் புத்தகத்தில் இல்லை. என்னிடம் இருந்த ஆர்டன் பதிப்பில் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.

நாடகம் முதலில் அச்சானது 1600இல், குவார்ட்டோ என்ற சிறிய அளவுப் புத்தகமாக. அதில் முதல் காட்சியில் யார் யார் மேடைக்கு வருகிறார்கள் என்ற குறிப்பில் லியோனாடோவோடு 'இன்னோஜென், அவர் மனைவி' என்று ஒரு பெயர் இருக்கிறது. இப்போது இரண்டாம் அங்கம் என்று சொல்லும் பகுதியின் தொடக்கத்திலும் 'அவர் மனைவி' வருகிறாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அவளிடம் பேசவில்லை. பிறகு ஆளையே காணோம். 1623இல் நாடகங்களைச் சேர்த்து அச்சிட்ட பெரிய ஃபோலியோவிலும் இதே கதைதான். 1733இல் லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் அந்தப் பெயரை நீக்கினார். ஷேக்ஸ்பியர் முதலில் இப்படி ஒரு பாத்திரத்தை நினைத்து, பிறகு தேவையில்லை என்று விட்டிருப்பார் என்பது அவருடைய ஊகம். அதற்குப் பிறகு பெரும்பாலான பதிப்புகள் அவர் வழியே போய்விட்டன. ஹீரோவின் அம்மா அடிக்குறிப்புக்குள் போய்ச் சேர்ந்தாள்.

தியோபால்ட் சொன்னது நியாயமாகவும் இருக்கலாம். அந்தக் குவார்ட்டோ ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்திருக்கும் என்பதற்கு வேறு அடையாளமும் உண்டு. ஒரு காட்சியில் டாக்பெரி என்றும் வெர்ஜஸ் என்றும் இருக்க வேண்டிய இடத்தில் கெம்ப், கௌலி என்று நடிகர்களின் பெயரே அச்சாகியிருக்கிறது. எழுதும்போதே அந்த நகைச்சுவை நடிகரின் முகம் மனதில் இருந்திருக்கிறது. வில் கெம்ப் 1599இல் அந்த நாடகக் குழுவை விட்டுப் போய்விட்டார். ஆகவே நாடகம் அதற்கு முன்னால் எழுதியது. இப்படி ஓர் அச்சுப் பிழையைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கணிக்கிற குறிப்பை வாசிக்கும்போது எனக்குத் துப்பறியும் கதை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் முதல் காட்சியைப் பாருங்கள். "இவள் உங்கட மகளா?" என்று விருந்தாளி கேட்க, "இவளுடைய அம்மா அப்படித்தான் பல தடவை சொல்லியிருக்கிறாள்" என்ற பாணியில் லியோனாடோ ஒரு பகிடி விடுகிறார். அம்மா மேடையில் இல்லை என்றால் இது வழக்கமான ஆண்களின் பேச்சு. இன்னோஜென் பக்கத்தில் நின்றால்? எல்லோரும் சிரிக்க அவள் முகம் எப்படி இருக்கும்? நாலாம் அங்கத்தில் அதே சந்தேகம் மகள் மேல் வரும்போது, அவள் எங்கே நிற்பாள்? ஒரு பெயரை வைப்பதா எடுப்பதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

இதற்குத் தமிழில் எங்களிடம் நல்ல சொல் உண்டு, பாடபேதம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோதும், உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டபோதும் செய்த வேலை இதுதான். ஓர் ஏட்டில் இப்படி, இன்னொன்றில் அப்படி. எதை மேலே வைப்பது, எதைக் கீழே போடுவது. ஆர்டன் பதிப்பில் பக்கத்தின் ஆக அடியில் வரும் சுருக்க எழுத்துகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பாடபேதம்தான் அது.

தேவாலயக் காட்சிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் புத்தகத்தைத் தேர்வு செய்ய நான் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மகள் மயங்கி விழுந்து கிடக்கிறாள். அப்பா சொல்வது, அவள் கண் திறக்க வேண்டாம், செத்துப்போவதே மேல் என்று. மைக்குழிக்குள் விழுந்துவிட்டாள், கடல் முழுவதும் ஊற்றிக் கழுவினாலும் போகாது என்ற பொருளில் பேசுகிறார். அவ்வளவு பெரிய மனிதர்கள் பொய் சொல்வார்களா என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம். மகளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தைக் கவனித்துப் பார்த்து நம்புகிறவர் ஒரு பாதிரியார். ஆரம்பத்திலிருந்தே நம்புகிறவள் பியாட்ரிஸ். இந்த இடத்தில் சில குறிப்புகள் கடினமான சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பதிப்பை நான் வாங்க மாட்டேன். அந்தக் காலத்தில் மகளின் கற்பு எப்படிக் குடும்பத்தின் சொத்தோடும் பெயரோடும் கட்டப்பட்டிருந்தது என்று இரண்டு வரியாவது எழுதாவிட்டால், பிள்ளைகள் லியோனாடோவை ஒரு பைத்தியக்காரர் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

எங்கட பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை என்பதும் உண்மை. 'நாலு பேர் என்ன சொல்லுவினம்' என்பதைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இவை. என் மகள் அந்தப் பேச்சைப் படித்துவிட்டு, "அப்பாவும் இப்பிடிச் சொல்லுவாரா?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அப்பாவிடமே போய்க் கேள் என்று அனுப்பினேன். அவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்ன நாடகம், யார் லியோனாடோ என்று எதுவும் அவருக்குத் தெரியாது. முழுக்கதையையும் அவள் சொல்லிமுடிக்கும் வரை தண்ணீரை நிறுத்திவிட்டு நின்று கேட்டார். "நான் முதல்ல உன்னட்டத்தான் கேட்பன், என்ன நடந்தது எண்டு" என்றார். அவள் திரும்பி வந்து புத்தகத்தை விரித்து, லியோனாடோவின் பேச்சு தொடங்கும் இடத்தில் பென்சிலால், 'கேட்கவில்லை' என்று தமிழில் எழுதினாள். அவளுடைய தமிழ் எழுத்து இன்னும் கோணல்தான்.

இன்னும் ஒரு பாடபேதம், இது கடைசிக் காட்சியில். பியாட்ரிஸும் பெனடிக்கும் கடைசி நிமிடம் வரை சண்டை பிடிக்கிறார்கள். அப்போது அவள் வாயை அடைக்கப் போவதாக ஒரு வரி. உடனே முத்தம். இப்போதைய பெரும்பாலான பதிப்புகளில் அதைச் சொல்பவன் பெனடிக். 1600 குவார்ட்டோவிலும் 1623 ஃபோலியோவிலும் அது லியோனாடோவின் வரி! பெனடிக்குக்கு மாற்றியவர் யார்? அதே தியோபால்ட், அதே 1733. அம்மாவை மேடையிலிருந்து இறக்கியவரே பெரியப்பாவின் வாயிலிருந்த வரியைக் காதலனிடம் கொடுத்துவிட்டார். பெனடிக் சொன்னால் அது காதலர்களின் விளையாட்டு. லியோனாடோ சொன்னால், வீட்டுப் பெரியவர் வாயாடிப் பெண்ணைப் பிடித்து மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கிற காட்சி. எப்படி இருந்தாலும் அதற்குப் பிறகு பியாட்ரிஸுக்கு நாடகத்தில் ஒரு வரி கூட இல்லை. நாடகம் முழுக்கப் பேசியவள்! பதினைந்து வயதுப் பெண்பிள்ளையோடும் ஆண்பிள்ளையோடும் இந்த ஒரு வரியை வைத்து ஒரு மாலை முழுவதும் கதைக்கலாம். ஆனால் மாற்றம் நடந்தது என்று சொல்லும் குறிப்பு புத்தகத்தில் இருக்க வேண்டும்.

அதே காட்சியில் கிளாடியோ, முகம் மூடி நிற்கும் மணப்பெண் எத்தியோப்பியக் கறுப்பியாக இருந்தாலும் கட்டிக்கொள்வேன் என்று தன் உறுதியைக் காட்டுகிறான். பெனடிக் இன்னோரிடத்தில் யூதர்களைப் பற்றி ஒன்று சொல்கிறான். எங்கட நிறத்துப் பிள்ளை வகுப்பில் அந்த வரியைச் சத்தமாக வாசிக்க நேரிடலாம். அதற்கு முதல் வீட்டில் அது கண்ணில் பட்டிருப்பது நல்லது. புதிய பதிப்புகளில் இதற்கு என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

சரி, எதை வாங்கிறது? பள்ளி ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்திருக்கும். கேம்பிரிட்ஜ் ஸ்கூல் ஷேக்ஸ்பியர் என்றால் ஒரு பக்கம் நாடகம், எதிர்ப்பக்கம் சொற்பொருளும் வகுப்பில் செய்து பார்க்கும் பயிற்சிகளும். வகுப்புக்கு அது போதும். 'நோ ஃபியர்' வகைப் புத்தகங்கள் மூல வரிக்கு எதிரே இன்றைய ஆங்கிலத்தைத் தரும். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அது கைத்தடி. ஆனால் வலப்பக்கத்தை மட்டும் வாசித்தால் செவில் ஆரஞ்சும் போய்விடும், முள்செடியும் போய்விடும். பியாட்ரிஸ் வெறுமனே சிடுசிடுப்பான பெண்ணாக மிஞ்சுவாள்.

வீட்டில் சேர்ந்து வாசிக்க என் தேர்வு ஃபோல்ஜர். வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த புத்தகம்தான். பார்பரா மோவாட்டும் பால் வெர்ஸ்டைனும் பதிப்பித்தது. வலப்பக்கம் நாடகம், இடப்பக்கம் குறிப்பு. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வைத்துக்கொண்டு பிள்ளை வலப்பக்கத்தை வாசிக்க, நீங்கள் இடப்பக்கத்தில் கண்ணை வைத்திருக்கலாம். மூல நாடகத்தை ஃபோல்ஜர் நூலகம் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது, குறிப்புரைக்குத்தான் புத்தகம் வேண்டும்.

ஆர்டன் மூன்றாம் வரிசை, கிளேர் மக்கீச்செர்ன் பதிப்பித்து 2006இல் வந்தது. இது பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. முன்னுரை நீளம், குறிப்பு அடர்த்தி. நூலகத்தில் எடுத்து, நான் மேலே சொன்ன நாலைந்து இடங்களை மட்டும் பாருங்கள். இன்னும் ஆசை இருந்தால் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹொரஸ் ஹோவர்ட் ஃபர்னஸ் 1899இல் வெளியிட்ட பெரிய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில பக்கங்களில் நாடகம் நாலு வரி, மிச்சம் முழுவதும் பழைய பதிப்பாசிரியர்களின் சண்டை. பட்டிமன்றம் கேட்பது மாதிரி இருக்கும்.

தாத்தாவின் அலமாரியில் பழைய டைட்டன் பதிப்பு எதுவும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கே. டைட்டன் ஆக்ரா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசாத இந்திய மாணவர்களை மனதில் வைத்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல்லுக்குச் சொல் விளக்கி எழுதினார். இன்று வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் எங்கட பிள்ளைகளுக்கும் அதே விளக்கம் தேவைப்படுகிறது என்பது வேடிக்கைதான்.

தேர்வுக்குப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. ஒரு பகுதியை அச்சிட்டுத் தருவார்கள், மிச்சத்தை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். அதனால் வாங்கிய புத்தகத்தைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லிப் பிள்ளையை வதைக்காதீர்கள். ஓரத்தில் எழுதட்டும், எந்த மொழியில் என்றாலும்.